தண்டோராவிலிருந்து சாட்சியத்திற்கு



ரெட்டமலை சீனிவாசன் பெயரால் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த தோழர்களுக்கு நன்றி. நான் மேடைக்குப் பழகியவள் அல்ல. சமூகவியலில் முதுகலை படித்தேன். படித்த நாள்களைவிட, ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே தாலுகா அலுவலகம், ஒன்றிய அலுவலகம், காவல் நிலையம் என்று மனுவோடு அலைந்த நாள்கள் அதிகம். "என்ன தலைப்பு போடலாம்?" என்று தோழர்கள் கேட்டார்கள். "கையில் இருக்கும் போனும் ஊழலும்" என்று சொன்னேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கடைசியில் அதற்கும் வருகிறேன்.

முதலில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஊருக்குத் தண்டோரா போட்டவர். ஏரி மீன் ஏலம், வரி கட்டக் கடைசி நாள், ஜப்தி என எது வந்தாலும் ஊர்த்தெரு முனைகளில் நின்று பறையை அடித்து, "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்..." என்று தொடங்குவார். நல்ல குரல். ஏரி மீன் ஏலத்தை ஊருக்கே அறிவித்த அவர், அந்த ஏலத்தில் ஒருநாளும் கேட்க முடிந்ததில்லை. ஏலம் நடக்கும் கோயில் வாசல் பக்கம் அவர் நிற்கவும் கூடாது. யாரோ எழுதித் தந்ததை அறிவிக்கத்தான் அவர் வாய் வேண்டியிருந்தது. அந்த ஏலத்தில் எவ்வளவு பணம் கைமாறியது என்று ஊரில் முதலில் தெரிந்தவர் அவராகத்தான் இருந்திருப்பார். அதைச் சொல்ல அவருக்குப் பறை தரப்படவில்லை.

2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். 2022 வரைக்கும் அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோடிகள் பத்திரிகை தொடங்கியதை நான் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். அம்பேத்கரின் 'மூக்நாயக்' 1920 ஜனவரி 31 அன்று வந்தது. ஊமைகளின் தலைவன் என்று பெயர். பிறர் சொன்னதை அறிவித்த வாய்கள், தாங்கள் கண்டதைச் சொல்லத் தொடங்கியதன் அடையாளங்கள் இவை. நம் பிள்ளைகள் இன்று கையில் வைத்திருக்கும் போனை நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். அப்படி வைப்பதால்தான் அதன்மேல் எனக்குக் கேள்விகளும் இருக்கின்றன.

நம் பகுதியில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு இரவிலிருந்து தொடங்குகிறேன்.

2021 டிசம்பர் 17. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, பூந்தமல்லி அருகே அவர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மேலும் நூறு பேருக்கு மேல் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற்றார்கள். சிலர் விடுதிக்குத் திரும்பவில்லை. அவர்கள் எங்கே என்று தோழிகள் கேட்டார்கள். விடுதிக்காரரும் சொல்லவில்லை, நிறுவனமும் சொல்லவில்லை, அரசும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள் வாட்ஸ்அப் நுழைந்தது. எட்டுப் பேர் செத்துவிட்டார்கள் என்றது ஒரு செய்தி, ஒன்பது பேர் என்றது இன்னொன்று. மறுநாள் பிற்பகல் வரைக்கும் சாலை மறியல் நீடித்தது. இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்கள் உயிரோடு இருப்பதை மாவட்ட நிர்வாகம் வீடியோ அழைப்பில் காட்ட வேண்டியிருந்தது.

யாரும் இறக்கவில்லை. வதந்தி பரப்பியதாக வழக்குகள் போட்டார்கள். யூடியூபர் சாட்டை துரைமுருகன் கைது செய்யப்பட்டார். பெண் தொழிலாளர்கள் 67 பேரையும் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரையும் போலீசார் பிடித்துவைத்தார்கள். போன்களைப் பறித்தார்கள், பெற்றோரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள் என்று போராடியவர்களும் அந்தப் பத்திரிகையாளரும் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னார்கள்.

இந்த நிகழ்வை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சமூக ஊடகம் ஆபத்தானது, பார்த்தீர்களா என்கிறது ஒரு தரப்பு. அந்த வதந்தி இல்லாவிட்டால் அந்தப் பெண்களை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டாவதைச் சொல்பவர்களில் என் நெருங்கிய தோழர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

முதல் தரப்புக்கு என் பதில் இது. பொய் சொன்னவர்மீது வழக்கு உண்டு. உண்மையைச் சொல்லாமல் இரண்டு நாள் மௌனமாக இருப்பது குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை. "உன் தோழி இந்த மருத்துவமனையில், இந்தப் படுக்கையில் இருக்கிறாள்" என்ற பட்டியலை முதல் நாளே விடுதி வாசலில் ஒட்டியிருந்தால் அந்த வதந்திக்கு உயிரே இருந்திருக்காது.

இரண்டாவது தரப்புக்கு என் பதில் கொஞ்சம் நீளம். அந்தப் பெண்களிடம் இருந்த உண்மையே போதுமானது. ஒரு அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்ததும், சில கழிப்பறைகளில் தண்ணீர் வராததும் பிறகு வெளியே வந்தன. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது சமையலறையில் எலிகளும் மோசமான வடிகாலும் இருந்தன. டிசம்பர் 29 அன்று ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்று அதுவே ஒப்புக்கொண்டது. ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. இத்தனைக்கும் ஒரு மரணமும் தேவைப்படவில்லை. செத்தார்கள் என்ற பொய், அந்தச் சமையலறையின் எலிகளிலிருந்து கவனத்தைத் திருப்பி, பெண்களின் பேச்சுமீதே சந்தேகத்தைக் கொண்டுவந்தது. "இவர்கள் இப்படித்தான் கிளப்பிவிடுவார்கள்" என்று சொல்ல ஒரு வாய்ப்பைத் தந்தது.

இதில் ஊழல் எங்கே என்று கேட்பீர்கள். அந்த விடுதிக்காக யாரும் பணம் வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் சான்றில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் சாப்பிடும் சமையலறையின் எலிகள், 159 பேர் படுக்கையில் விழுந்த பிறகுதான் அதிகாரியின் கண்ணில் படுகின்றன. அதற்கு முன்பு அங்கே யார் போனார்கள், எந்தத் தேதியில் போனார்கள், என்ன எழுதினார்கள்? நம் பகுதியில் ஊழல் என்பது மேசைக்கு அடியில் போகும் கவர் மட்டும் கிடையாது. போகாத ஆய்வுக்குப் போட்ட கையெழுத்தும், போடாத சாலைக்கு எழுதிய அளவும், மாற்றி எழுதப்பட்ட பட்டாவும் ஊழல்தான். இவை எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. கேமராவில் நேராகச் சிக்குவதில்லை.

எங்கள் சேரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சுடுகாட்டுக்குப் போகும் பாதை. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் பிணத்தைத் தூக்கிப் போவோம். ஒருநாள் அங்கே ஒரு பலகை நட்டார்கள். சிமெண்ட் சாலை, 180 மீட்டர், பணி முடிந்தது என்று எழுதியிருந்தது. பாதி தூரத்துக்குத்தான் சாலை இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு ஆலையில் வேலை பார்த்த எங்கள் தெருப் பையன் பலகையையும் சேற்றையும் ஒரே வீடியோவில் எடுத்துப் பேசிப் போட்டான். ஒரே நாளில் பல ஆயிரம் பேர் பார்த்தார்கள். "அருமை தம்பி" என்று எழுதினார்கள். ஒரு வாரத்தில் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள். நடந்தது ஒன்றே ஒன்று. பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். சான்றும் போயிற்று.

பிறகுதான் நாங்கள் மெதுவாக வேலையைத் தொடங்கினோம். பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், பணம் வழங்கிய பட்டியல் ஆகிய மூன்றையும் கேட்டோம். அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) வேலை நடந்த இடத்தை ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும்கூட நமக்கு உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரியாது. முப்பது நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகு வந்தது. அளவுப் புத்தகத்தில் 180 மீட்டர் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் பெண்கள் அந்த நகலை உரக்கப் படித்தார்கள். "வாங்க, டேப் பிடிச்சுப் பாத்துரலாம்" என்று ஒரு அக்கா எழுந்தார். கூட்டம் அப்படியே சுடுகாட்டுப் பாதைக்கு நடந்தது. 95 மீட்டர். பையனின் பழைய வீடியோ அன்றைக்குத்தான் பயன்பட்டது. பலகை அங்கே இருந்ததற்கு அது ஒன்றே சாட்சி. மிச்சச் சாலை அடுத்த கோடையில் போடப்பட்டது.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட் பாஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். ஒப்பந்தக்காரர் காரணம் எதுவும் சொல்லவில்லை. "ஊர்ல பெரிய ஆளாயிட்ட போல" என்று மட்டும் சொன்னாராம். எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தான். சாலை வந்ததைக் கொண்டாடிய நாங்கள், அந்த எட்டு மாதத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்திருக்கவில்லை. அது எங்கள் தவறு. அதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன்.

உரக்கப் படிப்பது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. 1990-இல் ராஜஸ்தானில் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. கூலி கொடுத்ததாக எழுதிய பதிவேட்டைப் பெயர் பெயராக ஊர்முன் படித்தார்கள். பெயருக்கு உரியவர்கள் எழுந்து நின்று, "எனக்கு இந்தக் கூலி வரவில்லை" என்றார்கள். அந்த இயக்கத்தின் நீட்சியாகத்தான் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அப்போது அவர்களிடம் செல்போன் கிடையாது. பதிவேட்டின் நகல், ஒரு ஒலிபெருக்கி, பெயருக்கு உரிய மனிதர்கள் ஆகிய மூன்றுதான் இருந்தன. போன் வந்த பிறகு நாம் ஒலிபெருக்கியை மட்டும் பெரிதாக்கிக்கொண்டோம். பதிவேட்டையும் மனிதர்களையும் மறந்துவிட்டோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடில் 2002-இல் தொடங்கிய 'கபர் லஹரியா'வை நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் செய்தி நிறுவனம். அச்சு இதழாகத் தொடங்கிப் பின்னர் போனில் படம்பிடிக்கும் செய்திக்கு மாறினார்கள். அவர்களிடம் நான் கற்றது, ஒரு முறை போட்ட செய்திக்குத் திரும்பிப் போவது. சாலை வந்ததா, மின்சாரம் வந்ததா என்று மறுபடி போய்க் கேட்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் போன வருடம் போட்ட வீடியோவின் இடத்துக்கு இந்த வருடம் போனோம்?

இன்னொரு பெயரையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். இஸ்ரவேல் மோசஸ். 'தமிழன்' தொலைக்காட்சியின் செய்தியாளர். 2020 நவம்பர் 8 இரவு, ஒரகடத்திலிருந்து அதிக தூரமில்லாத சோமங்கலம் காவல் எல்லையில், தன் வீட்டுக்கு அருகிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். இருபதுகளில் இருந்தவர். அரசு நிலம் சட்டவிரோதமாக விற்கப்படுவதையும் கஞ்சா விற்பனையையும் அவர் வெளிக்கொண்டுவந்ததே காரணம் என்று பத்திரிகையாளர் அமைப்புகள் சொல்லின. யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் அந்தக் கொலையைக் கண்டித்தார். கையில் மைக்கும் நிறுவன அடையாள அட்டையும் இருந்தவருக்கே இந்த முடிவு என்றால், காலனி வீட்டிலிருந்து போனோடு தனியாகக் கிளம்பும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ என்ன பாதுகாப்பு இருக்கிறது?

நிலம் இங்கே உயிரைக் குடிக்கும் விஷயம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் பஞ்சமி நிலம் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். அதன்பின் தொழிற்சாலைகள் வந்தன. மேய்ச்சலுக்கு விட்ட தரையும் சென்ட் கணக்கில் விலைபோகிறது. எந்தச் சர்வே எண் எப்போது யார் பெயருக்கு மாறியது என்பது அ-பதிவேட்டிலும் 1980-களின் யுடிஆர் பதிவுகளிலும் இருக்கிறது. பட்டாவையும் அ-பதிவேட்டையும் இன்று அரசு இணையதளத்தில் போனிலேயே பார்க்கலாம். நம் பிள்ளைகள் போனை வெளியே திருப்பிப் படமெடுப்பதைவிட, அதன் திரைக்குள் இந்தப் பதிவேடுகளைத் தேடிப் படிப்பது பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

சட்டம் பற்றியும் நான்கு வார்த்தை. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் காவல்துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவிக்க வேண்டும். வருவாய் ஆய்வாளருக்குப் பணம் கொடுப்பதை ரகசியமாகப் படம்பிடித்து, ஒரு மாதம் கழித்து முகநூலில் போட்டால், வாங்கியவரோடு நீங்களும் மாட்டலாம். பணத்தைக் கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போங்கள். அவர்கள் நோட்டில் பினாப்தலீன் தடவித் தருவார்கள். நீதிமன்றத்தில் நிற்பது அதுதான். வீடியோவும் நிற்கும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி அதற்குச் சான்றிதழ் வேண்டும். எடுத்த போனில் மூலக் கோப்பு அப்படியே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியை வைத்து வழக்கு நடத்துவது கடினம். எனவே எடுத்ததை வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள், மூலத்தை அழிக்காதீர்கள்.

நம்மைப் பற்றிய ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். வண்டியில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு, வீடியோ எடுத்து, ஒப்பந்தக்காரரிடம் பேரம் பேசி, பணம் வந்ததும் நீக்கிவிடுகிறவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. தலைப்பைக் கேட்டுத் தோழர்கள் சிரித்ததற்குக் காரணம் இதுதான். நூற்றாண்டுக் கணக்கில் நம் சாட்சியத்தை ஊர் ஏற்கவில்லை. "அவன் சொல்றதையெல்லாம் எடுத்துக்க முடியுமா" என்பதுதான் பஞ்சாயத்துகளில் நாம் கேட்ட தீர்ப்பு. இப்போதுதான் கண்ணால் கண்டதைக் காட்ட ஒரு கருவி வந்திருக்கிறது. ஒரு பொய்யும் ஒரு பேரமும் நம்மை அந்தப் பழைய தீர்ப்புக்கே கொண்டுபோய் விடும். மற்றவர்கள் ஒரு பொய் சொன்னால் அந்த ஆளைத் திட்டுவார்கள். நாம் சொன்னால் தெருவையே திட்டுவார்கள். இது அநியாயம்தான். அநியாயம் என்று தெரிந்தே கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

அதனால் இந்த அரங்கிலிருந்து போகும்போது மூன்று காரியங்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தனியாளாகப் பதிவு போடாதீர்கள். ஐந்து பேராவது சேர்ந்து, அமைப்பின் பெயரில் போடுங்கள். யார் எடுத்தார்கள் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்குப் பின்னாலும் ஒரு மனு இருக்கட்டும். அந்த மனு எண்ணை அடுத்த கிராம சபையில் கேளுங்கள். வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. மூன்றாவது, வேலை இழக்கும் பிள்ளைக்கு ஒரு நிதி. மாதம் ஐம்பது ரூபாய் போட நம் தெருக்களில் நூறு பேர் இல்லையா? எங்கள் சேரியில் அந்தப் பையன் திரும்ப வேலைக்குப் போன மாதத்தில் இதைத் தொடங்கினோம். தாமதமாகத்தான் தொடங்கினோம். அதன் கணக்கைப் பார்ப்பது அவனேதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வரவையும் செலவையும் தெருவில் நின்று எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கிறான்.

போன மாதம் அவன் படித்தபோது நான் அங்கே இருந்தேன். என் தாத்தா நின்று பறையடித்த முனையிலிருந்து நூறு அடி தள்ளி. நல்ல குரல் அவனுக்கும். அவன் படித்தது நாங்களே எழுதிய கணக்கு.